ஒரே வண்டி, இரண்டு நீதி!

அமெரிக்க நாட்டிலே போட்டோமாக் என்றோர் ஆறு. மலைகளிலே பிறந்து, தலைநகர் வாஷிங்டனின் வாசலைத் தொட்டுவிட்டுக் கடலை நோக்கி ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையிலே, கம்பர்லாந்து என்ற ஊரிலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதி வரை ஒரு மண்பாதை. நீளம் 184.5 மைல். ஏறத்தாழ 297 கிலோமீட்டர்.

இன்று அந்தப் பாதையிலே பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று கூட்டங்கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். அவற்றில் பல, பேட்டரி பொருத்திய மின்சார சைக்கிள்கள். காலால் மிதிக்க மிதிக்க, மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். நாலைந்து நாள் பயணம். காலையில் புறப்படுவது, வழியில் பழைய மதகுகளையும் பாலங்களையும் பார்ப்பது, மாலையில் ஓர் ஊரில் தங்கிப் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது. பாதையோரத்து முகாம்களில் கைப்பம்பு உண்டு, மின்சாரம் இல்லை. ஆகவே ஹான்காக், வில்லியம்ஸ்போர்ட், ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்று ஊர் பார்த்து, தூரம் கணக்கிட்டு, கூட்டம் நகர்கிறது.

"கையிலே காசும் கைநிறைய ஓய்வும் உள்ளவர்கள் காற்று வாங்கப் போகிறார்கள். கட்சித் தோழனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இதிலே என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும்.

வேலை இருக்கிறது, தோழர்களே! அந்தப் பாதை யாருடைய உழைப்பிலே உண்டாயிற்று என்று பார்த்தால் வேலை இருக்கிறது. அந்த வண்டிக்கு ஓரிடத்திலே வரவேற்பும் வேறோரிடத்திலே அபராதமும் கிடைத்த கதையைக் கேட்டால், இன்னும் அதிகமாகவே வேலை இருக்கிறது!

யார் வெட்டிய கால்வாய்?

அது சைக்கிளுக்காகப் போட்ட பாதையல்ல. ஆற்றுக்குப் பக்கத்திலேயே வெட்டப்பட்ட ஒரு கால்வாயின் கரை. படகை இழுத்துச் செல்லும் கோவேறு கழுதைகள் நடப்பதற்காகப் போட்ட வழி.

கதை இன்னும் முன்னாலே தொடங்குகிறது. 1785இல், போட்டோமாக் ஆற்றில் படகு போக வழிசெய்ய ஒரு கம்பெனி ஏற்பட்டது. அதன் தலைவர் யார் தெரியுமா? விடுதலைப் போர் நடத்தி முடித்த ஜார்ஜ் வாஷிங்டனேதான். பெரிய அருவியைச் சுற்றிப் பாறையைப் பிளந்து கால்வாய் வெட்டினார்கள். 1802இல் அது முடிந்தது. பாறையைப் பிளந்தவர்களிலே, எஜமானர்களிடமிருந்து வாடகைக்குப் பிடித்துவரப்பட்ட கறுப்பின அடிமைகளும் இருந்தார்கள். வாடகை எஜமானனுக்கு, வியர்வை அடிமைக்கு! மனிதர் அனைவரும் சமம் என்று முழங்கிப் பத்தாண்டு முடியுமுன்னே நடந்த காரியம் இது.

பிறகு 1828, ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினம். ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டி எடுத்து, செசபீக் - ஒஹையோ கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டினார். அதே நாளில், பால்டிமோர் நகரிலே, போட்டிக்கு ஒரு ரயில் கம்பெனி தன் முதல் கல்லை நாட்டியது! கால்வாயா, ரயிலா என்று பணமூட்டைகள் ஒன்றோடொன்று ஓட்டப் பந்தயம் விட்டன. ரயில் 1842இல் கம்பர்லாந்தைத் தொட்டது. கால்வாய் 1850இல்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒஹையோ ஆறு வரை போவதாகச் சொல்லிப் புறப்பட்டது, கம்பர்லாந்திலேயே நின்றுவிட்டது.

பந்தயத்தில் தோற்றது கம்பெனி. அதற்கு விலை கொடுத்தவனோ கூலிக்காரன்!

ஜனாதிபதி ஒரு பிடி மண்ணை வெட்டிவிட்டு மாளிகைக்குத் திரும்பினார். மிச்ச மண்ணையெல்லாம் வெட்டியவர்கள், பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழைகள். படகை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் 'லாக்கு' மதகுகள் 74. ஓடைகளுக்கு மேலே கால்வாயையே தூக்கிக்கொண்டு போகும் தொட்டிப்பாலங்கள் 11. மொத்த ஏற்றம் 605 அடி. கையால் வெட்டி, கல்லால் கட்டி, வெடிமருந்தால் பிளந்து செய்த வேலை.

1832இல் காலரா வந்தது. கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் நெருக்கியடித்துக் கிடந்த கூலிகளிடையே அது புகுந்து விளையாடியது. கால்வாய்க்குக் கல் வைத்தவர்கள் பலருக்கு, கல்லறைக்கு ஒரு கல் வைப்பாரில்லை.

பாபா என்னுமிடத்தில் மலையைக் குடைந்து 3,118 அடி நீளத்துக்கு ஒரு சுரங்கம். 1836இல் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில் முடியும் என்றார் காண்டிராக்டர். முடிந்தது 1850இல். உள்ளே அடுக்கிய செங்கல் மட்டும் 60 லட்சத்துக்கு மேல். இடையிலே பணம் தீர்ந்தது, கூலி நின்றது, குழப்பம் மூண்டது, காண்டிராக்டர் திவாலானார். திவாலானவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கூலி கிடைக்காமல் நின்றவனின் பெயர்?

பட்டாளம் வந்தது

இன்னொன்றையும் தோழர்கள் மறவாமல் மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டும்.

1834, ஜனவரி மாதம். கம்பெனிக்குக் கைமுடை. வேலை குறையும், கூலி வராது என்ற அச்சம். அயர்லாந்துக்காரர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து, "எங்கள் கூலி எங்கே?" என்று கேட்டார்களா? இல்லை! கார்க் பகுதிக்காரன் ஒரு பக்கம், லாங்ஃபோர்டுக்காரன் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்று, இருக்கிற வேலைக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். ஒரே நாட்டான், ஒரே பசி, ஒரே கூலி. ஊர் மட்டும் வேறு. அதற்காக ரத்தம் சிந்தினார்கள்.

ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பட்டாளத்தை அனுப்பினார். அமெரிக்க வரலாற்றிலே, தொழிலாளர் கலகத்தை அடக்க மத்திய சர்க்காரின் பட்டாளம் இறங்கியது அதுதான் முதல் தடவை. கூலி பாக்கியை வசூலித்துக் கொடுக்கப் பட்டாளம் போகவில்லை. கூலிக்காரனை அடக்கப் போயிற்று! பிரிந்து நின்றதால் யாருக்கு லாபம்? கார்க்குக்கு இல்லை, லாங்ஃபோர்டுக்கு இல்லை. பாடம் அங்கேயே, அந்த ஆற்றங்கரையிலேயே எழுதிக் கிடக்கிறது.

கால்வாய் ஓடத் தொடங்கிய பிறகு கம்பர்லாந்தின் நிலக்கரி படகேறி வந்தது. 1870களில் ஆண்டுக்குச் சரக்கு 10 லட்சம் டன்னை நெருங்கிய காலமும் உண்டு. நூறு டன்னுக்கு மேல் ஏற்றிய படகை இரண்டு மூன்று கோவேறு கழுதைகள் இழுக்க, அவற்றின் பக்கத்திலே நடந்தவர்கள் யார்? படகுக்காரனின் பிள்ளைகள்! பள்ளிக்கூடம் போகவேண்டிய சிறுவனும் சிறுமியும், கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விடிந்தது முதல் இருட்டிய பின்னும் மைல் கணக்காக நடந்தார்கள். இன்று சைக்கிள் சக்கரம் உருளும் அதே மண்ணில்தான் அந்தப் பிஞ்சுக் கால்கள் பட்டன.

நடந்து காத்த பாதை

1924இல் வந்த பெருவெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. 1938இல் சர்க்கார் 20 லட்சம் டாலர் கொடுத்துக் கால்வாயை ரயில் கம்பெனியிடமிருந்து வாங்கிற்று. தூர்ந்த பகுதியைத் தூர்வாரிச் சீர்திருத்தியவர்கள், வேலையில்லாத் திண்டாட்டக் காலத்திலே சர்க்கார் அமைத்த முகாம்களைச் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள். வெள்ளையருக்கு ஒரு முகாம், கறுப்பருக்கு ஒரு முகாம் என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. தொடங்கும்போதும் கறுப்பர் கை, திருத்தும்போதும் கறுப்பர் கை!

பிறகு வந்தது இன்னோர் ஆபத்து. "இந்தக் கால்வாயோரமாகவே மோட்டார் சாலை போட்டுவிட்டால் என்ன?" என்று 1950களில் ஒரு திட்டம். வாஷிங்டனின் பெரிய நாளேடும் 1954இல் அதை ஆதரித்து எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் குறுக்கே வந்தார். "எழுதிய ஆசிரியர் என்னோடு நடந்து வந்து பார்க்கட்டும், பிறகு பேசட்டும்" என்று அறைகூவல் விட்டார். ஆசிரியர்களும் வந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில், 8 நாள், கம்பர்லாந்திலிருந்து வாஷிங்டன் வரை நடை. தொடங்கியவர்கள் பலர், முழுத் தொலைவையும் நடந்து முடித்தவர்கள், 55 வயது நீதிபதியையும் சேர்த்து 9 பேர். நடந்த பிறகு நாளேடு தன் போக்கை மாற்றிக்கொண்டது. சாலைத் திட்டம் படுத்தது. 1971இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று.

நீதிபதியின் கால் நடந்தது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பொதுமக்கள் சொத்தைப் பொதுமக்கள் கூட்டமாக நடந்து காத்தார்கள் என்பதற்காகச் சொல்கிறோம். கூட்டமாகப் போவதன் வலிமை நம் தோழர்களுக்குத் தெரியாததல்ல!

மோட்டார் வரலாமா?

மோட்டார் சாலையை எதிர்த்துக் காத்த பாதையிலே, இன்று மோட்டார் வைத்த சைக்கிள் போகிறதே, இது தகுமா என்று சிலர் கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் அமெரிக்க உள்துறை அமைச்சகம், தேசியப் பூங்காக்களில் பேட்டரி சைக்கிளுக்கு வழி திறக்க உத்தரவு போட்டபோது, இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று. போதிய ஆய்வு செய்யாமல் திறந்தது தவறு என்று 2022இல் நீதிமன்றமும் சொன்னது. பிறகு ஆய்வு நடந்தது; முடிவு அந்தந்தப் பூங்காவின் பொறுப்பில் விடப்பட்டது.

கேள்வி கேட்டவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. அமைதியைத் தேடி நடப்பவனின் முதுகுக்குப் பின்னாலே எந்திரம் பாய்ந்து வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இந்தப் பாதையிலே சைக்கிளுக்கு வேக வரம்பு மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். பேட்டரி சைக்கிளுக்கும் அதேதான். நடப்பவருக்கு வழிவிட வேண்டும். பாபா சுரங்கத்திலே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். மோட்டாரின் ஆற்றல் 750 வாட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது ஒரு குதிரையின் சக்தி. கோவேறு கழுதை இழுத்த பாதையிலே ஒரு குதிரையின் சக்தி வருவதால் வரலாறு கெட்டுவிடாது! நூறு குதிரைச் சக்தி மோட்டார் கார் வேறு, இது வேறு.

நன்மையைப் பாருங்கள். முப்பது வருஷம் ஆலையிலே நின்று முழங்கால் தேய்ந்த தொழிலாளி ஒருவன், ஓய்வு பெற்ற பிறகு தன் மகனோடும் பேரனோடும் 40 மைல் மிதிக்க முடியுமா? முடியாது. பேட்டரி துணை நின்றால் முடியும். கூட்டப் பயணத்தின் சிறப்பே அதுதான். வலுவுள்ளவன் முன்னே பறந்துவிட, வலுவிழந்தவன் பின்னே நின்றுவிட்டால் அது கூட்டமா? இளைஞனும் முதியவனும், நோயாளியும் பலசாலியும் ஒரே வேகத்தில், பேசிக்கொண்டே, ஒன்றாகப் போய்ச் சேரவேண்டும். எந்திரம் மனிதனுக்கு எதிரியல்ல என்பது நாம் நெடுநாளாகச் சொல்லி வருவது. எந்திரம் யார் கையில் இருக்கிறது, யாருக்காக ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் கதையின் கசப்பான பக்கம் திறக்கிறது.

இரண்டு நீதி

ஆற்றங்கரையிலே பேட்டரி சைக்கிளுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்த அதே 2019இல், நியூயார்க் நகரத்திலே என்ன நடந்தது?

அங்கேயும் பேட்டரி சைக்கிள்கள் ஓடின. பொழுதுபோக்கவல்ல, பிழைப்புக்காக. ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளிகள் அவற்றை ஓட்டினார்கள். சீனா, மெக்சிகோ, குவாதமாலா, வங்கதேசம் என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று கால்வாய் வெட்ட அயர்லாந்துக்காரன் வந்தது போலவே! மழையானாலும் பனியானாலும், நாள் முழுதும் தெருவிலே. காலால் மிதித்து இத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே கைப்பிடியைத் திருகினால் ஓடும் பேட்டரி சைக்கிளை, கைக்காசு போட்டு, கடன்பட்டு வாங்கினார்கள்.

நகர நிர்வாகம் 2017இன் கடைசியில் கெடுபிடியை அறிவித்தது. அபராதம் 500 டாலர்! வண்டி பறிமுதல்! பல நாள் உழைத்துச் சேர்த்ததை ஒரே சீட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். 2018இல், மிதித்தால் தள்ளும் வகைக்குச் சலுகை வந்தது. திருகினால் ஓடும் வகைக்கு, அதாவது தொழிலாளியின் வண்டிக்கு, தடை நீடித்தது. 2019இல் அதைச் சட்டபூர்வமாக்க மாநிலச் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. டிசம்பரில் கவர்னர் அதைத் தள்ளுபடி செய்தார்.

பிறகு வந்தது 2020. கொள்ளை நோய். நகரமே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது. சாப்பாடு யார் கொண்டுவருவது? அதே தொழிலாளி! அதே வண்டி! நேற்றுவரை குற்றமாக இருந்த வண்டி, ஒரே வாரத்தில் இன்றியமையாத சேவையாகிவிட்டது. மார்ச்சில் கெடுபிடி நிறுத்தப்பட்டது. ஏப்ரலில் மாநிலச் சட்டமே மாறியது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். மாளிகைக்காரனுக்குப் பசி வந்தபோது, பறந்து போனது சட்டத்தின் முறைப்பு!

"பாதை வேறு, தெரு வேறு, பூங்கா சர்க்கார் வேறு, நகர நிர்வாகம் வேறு, வண்டியின் வகையும் வேறு" என்று சட்டம் படித்தவர்கள் விளக்கம் சொல்வார்கள். சொல்லட்டும். நெரிசலான தெருவிலே பாதசாரியின் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டாமா என்றும் கேட்பார்கள். கட்டாயம் கவனிக்க வேண்டும். வேகத்துக்கு வரம்பு வையுங்கள், தனிப்பாதை போடுங்கள். ஆற்றங்கரையிலே அப்படித்தானே செய்தீர்கள்? அங்கே வரம்பு வைத்து வரவேற்றீர்கள். இங்கே வண்டியையே பறித்தீர்கள். ஓய்வுக்காக ஓட்டினால் உல்லாசம், உணவுக்காக ஓட்டினால் குற்றமா? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

அந்தத் தொழிலாளிகள் கைகட்டி நிற்கவில்லை. கார்க், லாங்ஃபோர்டு என்று பிரிந்தவர்களின் வழியிலே போகவுமில்லை. மொழி வேறு, நாடு வேறு என்றாலும் ஒன்றுகூடினார்கள். நூற்றுக்கணக்கில் அதே சைக்கிள்களில் ஏறி நகர மண்டபத்துக்கு ஊர்வலம் போனார்கள். 2021இல் நகரசபை அவர்களுக்காகச் சட்டங்கள் செய்தது. அதிலே ஒன்று, சாப்பாடு எடுக்கப் போகும் ஓட்டலில் கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமை! செல்வம் கொழிக்கும் நகரத்திலே, சிறுநீர் கழிக்கவும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது, தோழர்களே! கம்பெனிகள் நீதிமன்றத்துக்கு ஓடியும், 2023 டிசம்பரில் குறைந்தபட்சக் கூலி நடைமுறைக்கு வந்தது: மணிக்கு 17.96 டாலர். அதுவும் ஒரு கூட்டுச் சைக்கிள் பயணம்தான். அழகான ஆறு இல்லை; ஆனால் வரலாறு இருக்கிறது.

பேட்டரிக்குள்ளே

வண்டியை ஓட்டுபவனைப் பற்றிச் சொன்னோம். வண்டிக்குள்ளேயும் சற்று எட்டிப் பார்ப்போம்.

மலிவான, தரமில்லாத லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டில் மட்டும் இப்படிப்பட்ட தீயில் 18 பேர் மாண்டார்கள். காசுள்ளவன் தரச்சான்று பெற்ற பேட்டரி வாங்குகிறான். காசில்லாதவன் கிடைத்ததை வாங்கித் தன் குடும்பம் தூங்கும் அறையிலேயே மின்சாரம் ஏற்றுகிறான். தரமில்லாத வண்டியை விற்கக் கூடாது என்று நகரம் சட்டம் போட்டது நல்லதுதான். ஆனால் தரமானதை வாங்கத் தொழிலாளிக்குக் கைகொடுக்க வேண்டாமா? டென்வர் நகரம் 2022இல் வழி காட்டியது. சாதாரணக் குடிமகனுக்கு 400 டாலர், குறைந்த வருமானக்காரனுக்கு 1,200 டாலர் என்று பேட்டரி சைக்கிள் வாங்க உதவித்தொகை கொடுத்தது. செய்ய மனமிருந்தால் செய்யலாம்!

இன்னும் உள்ளே போனால், பல பேட்டரிகளிலே கோபால்ட் என்ற உலோகம் இருக்கிறது. உலகக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் குழிகளிலே சிறுவர்களும் மண் சுமக்கிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் ஆண்டாண்டாகச் சொல்லி வருகின்றன. அன்று கழுதைக் கயிற்றைப் பிடித்து நடந்தான் சிறுவன். இன்று கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் மண் சுமக்கிறான் சிறுவன். கழுதை போய் மோட்டார் வந்தது. சிறுவனின் சுமை இறங்கியதா? இறங்கவில்லையென்றால், அதை எப்படி முன்னேற்றம் என்று சொல்வது?

நாம் சொல்வது

ஆற்றங்கரையிலே பேட்டரி சைக்கிள் ஓடட்டும், கூட்டங்கூட்டமாக ஓடட்டும். வேண்டாம் என்று சொல்லும் கட்சியல்ல நாம். மக்களின் காசால் வாங்கி, மக்கள் நடந்து காத்த பாதை அது. முதியவனும் முடியாதவனும் அதிலே போகட்டும்.

ஆனால், போகிறவர்கள் 74 மதகுகளில் ஒன்றிலாவது இறங்கி, அந்தக் கல்லை அடுக்கிய கையை நினைக்கட்டும். சுரங்கத்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது, 14 ஆண்டு அந்த இருட்டிலே கிடந்தவனை நினைக்கட்டும். நடப்பவனுக்கு வழி விடட்டும்.

ஆட்சியிலே இருப்பவர்கள் இதைக் கேட்கட்டும். உல்லாசத்துக்கு வழி திறக்கும் சட்டம், உழைப்புக்கும் வழி திறக்க வேண்டும். ஓய்வுக்காரனுக்கு வேக வரம்பென்றால் உழைப்பாளிக்கும் வேக வரம்பு போதும், பறிமுதல் கூடாது. நல்ல பேட்டரி காசுள்ளவன் வீட்டுக்கு மட்டும் என்றிருக்கக் கூடாது. அதைச் செய்யும் உலோகத்திலே பிள்ளைகளின் வியர்வை கலக்கக் கூடாது.

ஒரே வண்டிக்கு ஒரே நீதி! இது பெரிய கோரிக்கையல்ல. ஆனால், கழிப்பறைக் கதவைத் திறக்கவே ஊர்வலம் வேண்டியிருந்த உலகத்திலே, இதுவும் கேட்டால்தான் கிடைக்கும். கேட்போம், தோழர்களே! கூட்டமாகக் கேட்போம்!